கும்மிடிப்பூண்டியில் பார்க்க என்ன இருக்கிறது

சென்னையிலிருந்து காலையில் ரயிலேறி, ஓர் ஊரைப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய இடங்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று எங்கள் தெரு நலச் சங்கத்தின் ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். கையைக் கடிக்காத செலவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்கள் பகுதியான சூளையில் இதற்கு என்னைவிட்டால் ஆள் கிடையாது. லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருஷம் பில் போட்டவன் நான். சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களெல்லாம் மனப்பாடம், ஆனால் ஒன்றையும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் புறநகர் ரயிலில் ஏறி ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். அந்த வண்டிகள் கிளம்பும் மூர் மார்க்கெட் வளாகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். டிக்கெட்டும் ஒரு டிபன் செலவுக்கு மேல் வராது.

மலருக்காக மூன்று பயணம் போவதென்று முடிவு செய்தேன். எந்தெந்த ஊர் என்பதை வழக்கமாக நான்தான் தீர்மானிப்பேன். இந்தத் தடவை என் மனைவி சரோஜா முந்திக்கொண்டாள். திருவள்ளூர், பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி என்றாள்.

"முதல் ரெண்டும் சாமி ஊரு, சரி. கும்மிடிப்பூண்டியில பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"மேகலா இருக்கா" என்றாள்.

மேகலா எங்கள் ஒரே மகள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஸ்டீபன் என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. மதத்தை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். மாலையும் கழுத்துமாக வந்து நின்றவளிடம் "அந்த வீட்டில நான் கை நனைக்க மாட்டேன், இந்த வீட்டுப் படியை நீ ஏறாதே" என்று சொன்னேன். அவளும் ஏறவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள் என்று கூடப் படித்த பெண் ஒருத்தி சொல்லி, அந்தக் கம்பெனியின் பெயர் மட்டும் சரோஜாவிடம் இருந்தது.

இந்த நான்கு வருஷத்தில் சரோஜா என்னிடம் ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு ஊர் அலைந்தால் கால் வலித்து மூன்றாவதை அவளே விட்டுவிடுவாள் என்று நினைத்து, சரி என்று தலையாட்டினேன்.

முதலில் திருவள்ளூர். வண்டி செவ்வாப்பேட்டைக்கு முன்னால் சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. மின்விசிறி ஓடவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். அம்பத்தூரில் ராத்திரி டூட்டி முடித்துத் திரும்பும் அம்மாள் ஒருத்தி எதிரே உட்கார்ந்து, பையிலிருந்த அவரைக்காயை மடியில் கொட்டிக்கொண்டு ஆய ஆரம்பித்தாள்.

"வண்டி நின்னா எனக்கு நல்லதுதாங்க்கா" என்று சரோஜாவிடம் சொன்னாள். "ஊட்டுக்குப் போனா இதுக்கு எங்க நேரம் கீது? இங்கயே ஆஞ்சிக்கினா போனதும் அடுப்பு பத்த வெச்சிடலாம்."

சரோஜா ஒரு பிடி அவரைக்காயை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். வண்டி கிளம்பும்போது இரண்டு பேரும் வேலையை முடித்திருந்தார்கள். வீட்டில் என்னோடு பேசாத பேச்செல்லாம் அந்த அம்மாளோடு பேசினாள்.

திருவள்ளூரில் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். வெல்லம் கரைவதுபோல வியாதி கரையும் என்பது நம்பிக்கை. சரோஜா ஒரு பெரிய வெல்ல உருண்டையை வாங்கித் தண்ணீரில் விட்டாள். உனக்கு என்ன வியாதி என்று கேட்டேன். குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அமாவாசையன்று போகாதீர்கள், நிற்க இடம் கிடைக்காது. கோயில் புளியோதரை நன்றாக இருக்கிறது. ஸ்டேஷன் எதிரே நாங்கள் சாப்பிட்ட பூரிக்குக் கொடுத்த கிழங்கில் கிழங்கைத் தவிர எல்லாம் இருந்தது.

அடுத்த வாரம் பெரியபாளையம். ரயில் பாதி, பஸ் பாதி. பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். இறங்கும்போது மழை. பவானி அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்ட பெண்கள் ஈர வேப்பிலையை உடம்பெல்லாம் சேலையாகக் கட்டிக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றுகிறார்கள். தூணோரம் ஒதுங்கி நின்ற ஒரு விவசாயி பக்கத்து ஆளிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "நெல்லு களத்துல கொட்டிக் கீது. மழ வந்துக்கினு கீது. இவ இன்னாடான்னா புள்ளைக்கு ஒடம்பு தேறிடுச்சு, பிரார்த்தனைய முடிக்கணும்னு இட்டாந்துட்டா. பேஜாரு."

என் இனத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவருடைய மனைவி ஒவ்வொரு சுற்று முடித்து வரும்போதும் அவர் எழுந்து போய், அவள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கித் தலையைத் துவட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பி வரும்போது சரோஜாவின் கால் வீங்கியிருந்தது. "அடுத்தது கும்மிடிப்பூண்டி" என்றாள், நான் கேட்காமலே.

அந்த நாள் விடியும்போதே அவள் நல்ல பட்டுப்புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். கும்மிடிப்பூண்டி வண்டியில் பட்டுப்புடவை கட்டிய ஒரே ஆள் அவள்தான். பெட்டி முழுக்கக் கழுத்தில் அட்டை தொங்கும் பெண்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். வாசல் பக்கம் வடநாட்டுப் பையன்கள் நின்றபடியே தூங்கினார்கள். யாரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை. வானம் அழுக்காக இருந்தது. ஊர் நெருங்க நெருங்க இரும்பு வாசனை வந்தது. இறங்கி நடந்தபோது சாலையோரத்து மரங்களின் இலைகள் பழுப்பாக இருந்தன. இலையின் நிறம் அது என்று நினைத்தேன், தொட்டுப் பார்த்தால் புழுதி. முப்பது வருஷம் இந்த ஊர்ப் பெயரை எத்தனையோ ஆயிரம் பில்லில் எழுதியிருப்பேன். என் கையெழுத்தில் அது அழகாகத்தான் இருந்தது.

கம்பெனி வாசலில் இருந்த காவலாளியிடம், தையல் பகுதியில் மேகலா என்று ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"மேகலாவா? அது பிரேக்ல கீது சார்" என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை. டீ குடிக்க விட்டிருக்கிறார்கள் போல. "பிரேக்காம். முடிஞ்சதும் சொல்லி அனுப்புவாங்க" என்று சரோஜாவிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

எதிரே ஒரு டீக்கடை. ஆந்திரா எல்லை பக்கம் என்பதால் கடைக்காரர் பேச்சில் தெலுங்கு கலந்திருந்தது. "நாஷ்டா ஆச்சா நைனா?" என்று கேட்டு, இட்லியும் வடைகறியும் கொடுத்தார். வடைகறி பிரமாதம். ஆனால் எனக்கு இறங்கவில்லை. மகளிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "எப்படி இருக்கே" என்று கேட்டால் நானாகத் தேடிப் போய் இறங்கிவந்த மாதிரி ஆகிவிடும். "உங்க அம்மா பார்க்கணும்னா" என்று ஆரம்பிக்கலாம். அதுதான் கௌரவமாக இருக்கும் என்று தோன்றியது. அந்த வாசலில் உட்கார்ந்துகொண்டும் கௌரவத்தைப் பற்றித்தான் யோசித்தேன்.

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. என்ன டீ குடிக்கிறார்கள் இவ்வளவு நேரம் என்று எரிச்சல் வந்தது. எங்களைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளேயே இருக்கிறாளோ என்று சரோஜாவுக்குப் பயம். ஒரு மணிக்குச் சங்கு ஊதியபோது காவலாளி வெளியே வந்து, "இன்னா சார், இன்னும் போலியா?" என்றார்.

"பிரேக் முடியலையா?"

"எங்க முடியும்? அடுத்த மாசம் அஞ்சாம் தேதிதான் உள்ள உடுவாங்க." நாங்கள் விழிப்பதைப் பார்த்து விளக்கினார். "காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தபா பிரேக் உடுவாங்க சார். இன்னிக்கு நின்னுக்கோ, அடுத்த மாசம் புதுசா சேந்துக்கோம்பாங்க. தொடந்து இருந்தா பர்மனெண்ட் கேப்பாங்கல்ல. அந்தப் பொண்ணுக்கு இது ஏழாவது பிரேக்கோ எட்டாவது பிரேக்கோ."

இந்த ஊரில் பிரேக் என்றால் சம்பளமில்லாத மாதம். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி தெரியாமல், அவள் டீ குடித்துவிட்டு வருவாள் என்று இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு எங்கே என்று சரோஜா கேட்டாள். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், சர்ச்சுக்குப் பின்னால் இரண்டாவது வரிசை என்றார் காவலாளி. ஷேர் ஆட்டோவில் ஏறினோம். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கிக்கொண்டு வந்தேன். அந்த வீட்டு வாசலில் நான் நிற்கப்போவதில்லை, சரோஜா பார்த்துவிட்டு வரட்டும், நான் சர்ச் பக்கம் நிற்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அது நடக்கவில்லை. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வயதான பெண், எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்தார். "சம்மந்தி தானே? போட்டோல கீற மூஞ்சி அப்பிடியே கீது. வாங்க, உள்ள வாங்க" என்றார். ஸ்டீபனின் அம்மா ரூத்தம்மா அவர்தான். உள்ளே சுவரில் ஏசு படத்துக்குப் பக்கத்தில் நானும் சரோஜாவும் தீவுத்திடல் பொருட்காட்சியில் எடுத்துக்கொண்ட போட்டோ மாட்டியிருந்தது.

"இன்னாங்க இது, பொண்ணு காலைல உங்க ஊட்டுக்குத்தான கெளம்பிப் போச்சு? நீங்க இங்க வந்து நிக்கறீங்க?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரோஜாவுக்கு உடனே புரிந்துவிட்டது. நாற்பது வருஷம் நான் அறியாத சாமர்த்தியம் அது. "சொல்லாம வந்து நிக்கலாம்னு கிளம்பினோம். வழியில மாறிப் போயிட்டோம் போலிருக்கு" என்றாள். "இருங்க, போன் போட்டு சொல்லிட்றேன்" என்று ரூத்தம்மா எழுந்தார். "வேணாங்க, நாங்களே பேசிக்கிறோம்" என்று சரோஜா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"உங்களுக்கு டிரெயினே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே? நெஞ்சு வலின்னு மேகலா சொல்லும். அதனாலதான் நீங்க இந்தப் பக்கம் வர்றதில்லன்னு சொல்லும்" என்று என்னிடம் கேட்டார்.

"இப்ப பரவாயில்லைங்க" என்றேன். அந்த வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகு ரூத்தம்மா பேசப் பேச நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பிரேக்கிலும் மேகலா ரெண்டு தடவை, மூணு தடவை அம்மா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயந்திரம் வந்துவிடுவாளாம். வரும்போது அம்மா சுட்ட முறுக்கு கொண்டுவருவாளாம். "உங்க கைப்பக்குவம் எங்க தெருவுக்கே தெரியும்" என்று சரோஜாவிடம் சொன்னார். அப்பாதான் ஸ்டேஷன் வரைக்கும் வந்து வண்டி ஏற்றிவிடுவாராம். "பொண்ண ரொம்ப வெச்சிக் காப்பாத்தறீங்க. எங்க ஜனத்துல கட்டிக்கிச்சேன்னு மனசுல ஒண்ணும் வெச்சிக்காம இருக்கீங்க. எல்லாரும் அப்பிடி இருக்க மாட்டாங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"அஞ்சாம் மாசத்துல கொழந்த தங்காம போச்சே, அப்பக்கூட நான் வரேன்னு சொன்னேன். நீ வேலைய உட்டுட்டு வர வேணாம் அத்தே, எங்க அம்மா பக்கத்துலயே கீறாங்கன்னு சொல்லிடுச்சு. மெட்ராஸ் ஆஸ்பத்திரில மூணு நாளு நீங்கதான தூங்காம பாத்துக்கினீங்க."

சரோஜா என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாங்க" என்றாள். குரல் சரியாகத்தான் இருந்தது. அந்த மூன்று நாளும் நாங்கள் சூளையில் இருந்தோம். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம். அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எந்த ஊருக்காவது போய் டிபன் நன்றாக இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

ரூத்தம்மா சாப்பாடு போட்டார். சோறும் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும். தட்டின் முன்னால் நான் ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். அதை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டு, "ஒடம்புக்கு ஒத்துக்காதுன்னா ரசம் வெக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டேன். இன்னொரு தடவையும் போட்டுக்கொண்டேன். நல்ல குழம்பு. காரம் அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

மேகலா சாயந்திரம் வந்துவிடுவாள், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று ரூத்தம்மா கட்டாயப்படுத்தினார். இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. உள்ளே வருகிறவள் எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை மாற்றிப் பேசினால் போதும், நான்கு வருஷமாக அவள் கட்டிக் காத்தது அத்தனையும் மாமியார் முன்னால் கொட்டிப்போகும். இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ஆனால் ஊருக்குப் போகவில்லை. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் சென்னையிலிருந்து வண்டி வந்து நிற்கும் பக்கம் உட்கார்ந்துகொண்டோம்.

மூன்று வண்டி போயிற்று. நான்காவது வண்டியில் பெண்கள் பெட்டியிலிருந்து மேகலா இறங்கினாள். இளைத்திருந்தாள். கையில் கடைப் பெயர் போட்ட பையையும் ஒரு வெறும் பையையும் பிடித்திருந்தாள். கடைப் பையிலிருந்த முறுக்கைப் பெயர் போடாத அந்த வெறும் பைக்கு மாற்றுவதற்காகப் பெஞ்சைத் தேடியவள் எங்களைப் பார்த்துவிட்டாள். உடனே இரண்டு பையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

சரோஜா போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு மேகலா கேட்டாள், "ஊட்டுக்குப் போனீங்களா? அத்தைகிட்ட இன்னா சொன்னீங்க?" அவள் பேச்சே மாறியிருந்தது.

"ஒண்ணும் சொல்லலை. முறுக்கு நான் சுட்டதுதான்னு சொன்னேன்" என்றாள் சரோஜா. மேகலா அப்போதுதான் அழுதாள்.

நான் யோசித்து வைத்திருந்த முதல் வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. "பகலெல்லாம் எங்கம்மா இருந்தே?" என்று கேட்டேன்.

"எங்கன்னு இல்லப்பா. சென்ட்ரல்ல கூட்டம் இருந்தா அங்க உக்காந்துக்கினு இருப்பேன், யாரும் கேக்க மாட்டாங்க. போலீஸ் பாத்தா எழுந்து பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுவேன், பேஷண்ட்டோட வந்தவன்னு நெனச்சுப்பாங்க. எக்மோர்ல லைப்ரரி கீது, ஃபேன் கீழ நாளெல்லாம் இருக்கலாம். ஒரு தபா நம்ம தெரு முனை வரைக்கும் வந்தேன். மெட்ராஸ்ல காசு இல்லாம ஒரு பகல ஓட்டறதுக்கு எந்தெந்த எடம்னு எனக்கு நல்லாத் தெரியும்ப்பா."

ஒரு நாள் பயணம், குறைந்த செலவு. மலருக்கு அவள் அல்லவா எழுத வேண்டும் என்று தோன்றியது.

"கிளம்பும்மா. இப்பவே நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்றேன். நிஜமாகத்தான் கூப்பிட்டேன்.

மேகலா என்னை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"இப்ப எப்பிடிப்பா வர்றது? நான் உங்க ஊட்லேர்ந்துதான வந்துக்கினு இருக்கேன்" என்றாள்.

"அப்ப நாங்க வர்றோம். அடுத்த வாரம்."

"வேணாம்ப்பா. அத்தைக்கு உங்கள ரொம்பப் புடிக்கும். அவங்களுக்குத் தெரிஞ்ச அப்பா வேற. அவரு எங்கிட்ட ஒரு வார்த்த கடிஞ்சி பேசினதில்ல. அவர வெச்சிக்கினுதான் நான் அந்த ஊட்ல தல நிமிந்து இருக்கேன். நீங்க வந்து போய்க்கினு இருந்தா அவரு போயிடுவாரு."

எதிர்ப் பக்கத்தில் எங்கள் வண்டி வருவதாக அறிவித்தார்கள். மேகலா எங்களை அழைத்துக்கொண்டு படியேறி அந்தப் பக்கம் வந்தாள். சரோஜா அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பைகளை எடுத்தாள். முறுக்கையெல்லாம் வெளியே எடுத்து, தன் பட்டுப்புடவை முந்தானையில் கொட்டி, பெயர் போடாத பையில் ஒவ்வொன்றாக உடையாமல் அடுக்கி, வாயைக் கட்டி, மகளிடம் கொடுத்தாள்.

"ஸ்டேஷன்ல பார்த்தேன், அம்மா குடுத்தான்னு சொல்லு" என்றாள்.

மேகலா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொடுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. வண்டி வந்து நின்றது. அவள் எனக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டாள்.